நேயர் கூடக் கூடச் செலவும் கூடும் வானொலி

இணையத்தில் ராக் இசை போடும் ஒரு சின்ன சுயேச்சை வானொலிக்கு உலகம் முழுக்க நேயர்கள் இருக்கிறார்கள் என்றால், "அப்போ நல்ல வருமானம் வருமே" என்பார்கள். நிலைமை நேர்மாறு. நேயர் கூடினால் அங்கே முதலில் கூடுவது செலவுதான்.

எஃப்.எம். நிலையத்துக்கு ஒரு கோபுரம் போதும். அதன் எல்லைக்குள் பத்துப் பேர் கேட்டாலும் பத்து லட்சம் பேர் கேட்டாலும் மின்கட்டணம் மாறாது. இணைய வானொலியில் ஒவ்வொரு நேயருக்கும் சர்வரிலிருந்து தனித்தனி ஸ்ட்ரீம் போகவேண்டும். 128 கேபிபிஎஸ் ஒலித்தரத்தில் ஒருவர் ஒரு மணி நேரம் கேட்டால் கிட்டத்தட்ட 58 எம்பி டேட்டா செலவாகும். ஆயிரம் பேர் என்றால் மணிக்கு 58 ஜிபி.

அதைவிடக் கழுத்தை நெரிப்பது ராயல்டி, அதாவது பாட்டைப் போடுவதற்காக அதன் உரிமையாளர்களுக்குக் கட்டும் தொகை. அமெரிக்காவில் எஃப்.எம். நிலையங்கள் பாட்டை எழுதி இசையமைத்தவருக்குப் பணம் தருகின்றன. பாடியவருக்கும் வாசித்தவருக்கும் தரவேண்டியதில்லை. இணைய வானொலி இரு தரப்புக்கும் தரவேண்டும். அதுவும் ஒரு பாட்டை ஒரு நேயர் கேட்டால் இவ்வளவு என்று தலைக்குத் தலை கணக்கு. 2007இல் அந்நாட்டின் பதிப்புரிமை ராயல்டி வாரியம் அறிவித்த கட்டணம், 2010க்குள் ஒரு பாட்டுக்கு ஒரு நேயருக்கு 0.19 சென்ட் என்று ஏறுவதாக இருந்தது. கேட்கச் சில்லறைதான். எந்நேரமும் 500 பேர், மணிக்கு 15 பாட்டு என்று பெருக்கிப் பாருங்கள், ஒரு நாளைக்கு 342 டாலர்! ஓரிருவர் வீட்டிலிருந்தே நடத்தும் நிலையம் எங்கே போகும்? 2007 ஜூன் 26 அன்று பல நிலையங்கள் ஒலிபரப்பை நிறுத்தி எதிர்ப்பைக் காட்டின. அப்புறம் சிறிய நிலையங்களுக்குச் சலுகை கிடைத்தது, 2015 முடிவில் அதுவும் காலாவதியானது. கலைஞருக்குப் பணம் போகவேண்டும், அதில் எனக்கு இரண்டாம் கருத்தே இல்லை. கோபுரத்துக்கு ஒரு நீதி, சர்வருக்கு ஒரு நீதி என்பதைத்தான் ஏற்கமுடியவில்லை.

சரி, விளம்பரம் போடலாமே? பின்லாந்தில் நாலு பேர், பிரேசிலில் பத்துப் பேர், ஜப்பானில் ஆறு பேர் என்று சிதறிக் கிடக்கும் கூட்டத்துக்கு எந்த ஊர்க் கடைக்காரர் விளம்பரம் கொடுப்பார்?

ஆனால் இந்தச் சிதறல்தான் இந்த வானொலியின் அழகு. அறிவிப்பாளரால் "காலை வணக்கம்" சொல்லமுடியாது. ஒருவர் வேலைக்குக் கிளம்புவார், இன்னொருவர் இரவு ஷிஃப்டில் பாதியில் இருப்பார். எந்த ஊரின் டாப் டென்னுக்கும் அவர் கட்டுப்பட்டவர் இல்லை. எழுபதுகளின் நீண்ட கிடார் சோலோ ஒன்று அடங்கும் நேரத்தில், அதே சுருதியில் நேற்று முளைத்த ஒரு பேண்டின் பேஸ் கிடார் மெல்ல எழும். இரண்டுக்கும் நடுவே பேச்சில்லை, விளம்பரமில்லை. இந்த இரண்டையும் காதால் கேட்டுப் பொருத்திப் பார்த்த ஒரு மனிதர் அங்கே இருக்கிறார் என்பது உடனே தெரிந்துவிடும். நாம் ஏற்கெனவே கேட்டதை வைத்து அடுத்த பாட்டைக் கணிக்கும் செயலிகளில் எனக்கு இந்தச் சுகம் கிடைத்ததே இல்லை.

ஆக, இதைக் காப்பாற்ற நேயர்களை விட்டால் வேறு ஆள் கிடையாது. நடக்காத கதையொன்றும் இல்லை. கலிஃபோர்னியாவின் பாரடைஸ் என்ற சிற்றூரில் 2000இல் ஒரு தம்பதி தொடங்கிய ரேடியோ பாரடைஸ், ராக்கோடு பல வகை இசையையும் கலந்து, விளம்பரமே இல்லாமல் நேயர்களின் பணத்தில் ஓடுகிறது. அதே ஆண்டில் சான் ஃபிரான்சிஸ்கோவில் தொடங்கிய சோமா எஃப்.எம்., ராயல்டிச் சிக்கலில் 2002இல் சில மாதம் நின்றுபோய் மீண்டும் வந்தது. அதுவும் நேயர் பணத்தில்தான் ஓடுகிறது.

நீங்கள் தினமும் கேட்கிற நிலையம் ஒன்று இருந்தால், சின்னத் தொகையாக இருந்தாலும் மாதாமாதம் அனுப்புங்கள். எப்போதோ வரும் பெரிய நன்கொடையைவிட, மாதம் தவறாமல் வரும் சிறு தொகையை நம்பித்தான் அடுத்த மாதச் சர்வர் கட்டணத்தைத் திட்டமிட முடியும். பணம் அனுப்ப முடியாதவர்கள் ஒன்றாவது செய்யுங்கள்: வெளியே கிளம்பும்போது பிளேயரை நிறுத்திவிட்டுப் போங்கள். ஆளில்லாத அறையில் ஓடும் பாட்டுக்கும் நிலையத்தார்தான் கட்டணம் கட்டுகிறார்கள்.