நடிகர் கிடைக்கவில்லையா?
பழைய ஹாலிவுட் படங்களில் வரும் சீனத் துப்பறிவாளர் சார்லி சான் வேடத்துக்கு அன்று ஆசிய நடிகர்கள் கிடைக்கவில்லை, அதனால்தான் வெள்ளையர்கள் நடித்தார்கள் என்று ஒரு கட்டுரை சொல்வது நடந்ததற்கு நேர்மாறு. 1926 மௌனத் தொடரில் அந்த வேடம் ஜப்பானியரான ஜார்ஜ் குவாவுக்கு, 1927-ல் சோஜின் கமியாமாவுக்கு, 1929-ல் கொரிய வம்சாவளி ஈ.எல்.பார்க்குக்கு. பார்க் படத்தின் கடைசியில்தான் தலைகாட்டுகிறார். சானின் பெயர் படத்தலைப்புக்கு ஏறியது 1931-ல். அந்தப் படத்திலேயே வேடம் சுவீடனில் பிறந்த வார்னர் ஓலண்டுக்குப் போய்விட்டது! பின்னால் சீனாவில் பிறந்த கீ லூக் அவருக்கு மகனாக வருகிறார்: அசல் சீனர் அமெரிக்க இளைஞனாகப் படபடக்க, சுவீடன்காரர் உடைந்த ஆங்கிலத்தில் பழமொழி உதிர்ப்பார். 1940-ல் மோனோகிராம் நிறுவனம் இன்னொரு சீனத் துப்பறிவாளரான 'மிஸ்டர் வாங்' வேடத்தை லூக்குக்குத் தந்ததும் இங்கிலாந்து நடிகர் போரிஸ் கார்லாஃப் 5 படங்களில் நடித்து முடித்த பிறகுதான். அந்த ஒரே படத்தோடு தொடரும் நின்றது. ஆசியர்கள் நாயகராக முடியாததற்கு அன்றைய ஹாலிவுட் தணிக்கை விதிமேல் பழிபோடுகிறார் இன்னொரு நண்பர். அது தடுத்தது இனக்கலப்புக் காதலை, ஆசியக் கதாநாயகனை அல்ல. 1937-லேயே பாராமவுன்ட் 'டாட்டர் ஆஃப் ஷாங்காய்' படத்தில் கொரிய வம்சாவளி நடிகர் பிலிப் ஆன் என்பவரை அரசாங்கத் துப்பறிவாளராக்கி, சீன வம்சாவளி நடிகை அன்னா மே வாங்குக்கு ஜோடியாகப் போட்டதே, விதி குறுக்கே வந்ததா என்ன?