மரித்தோர் நாள் மன்றாட்டில் ஒரு வரி

கொழும்பு வடக்கில், கொட்டாஞ்சேனைக்கும் முகத்துவாரத்துக்கும் இடையில் உள்ள ஒரு கத்தோலிக்கப் பங்கைச் சேர்ந்தவன் நான். கொவிட் காலம் முழுவதும் எங்கள் அன்பியத்தின், அதாவது அயல் வீட்டுக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் சிறு குழுவின், செயலாளராக இருந்தவன். கடந்த ஞாயிறு தமிழ்ப் பூசைக்குப் பிறகு பங்குத்தந்தையிடம் ஒரு வேண்டுகோளை முன்வைத்தேன். கொவிட் காலத்தில் அடக்கம் மறுக்கப்பட்டு எரிக்கப்பட்ட முஸ்லிம் மக்களுக்காகவும், அப்போது வாய் திறக்காமல் இருந்த எங்களுக்காகவும், வருகிற நவம்பர் 2ஆம் திகதி, மரித்த விசுவாசிகளின் நினைவு நாளன்று, விசுவாசிகள் மன்றாட்டில் ஒரு வரி சேர்க்க வேண்டும் என்று கேட்டேன். அருகில் நின்றவர்களில் சிலர் முகம் சுளித்தார்கள். "முடிந்துபோன கதையை ஏன் கிளறுகிறீர்கள்?" என்று ஒருவர் நேராகவே கேட்டார். கோவில் வாசலில் நின்று சொல்லி முடிக்கக்கூடிய பதில் அல்ல என்பதால் இங்கே எழுதுகிறேன்.

கதை கொவிட்டில் தொடங்கவில்லை. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு காலை, கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலில் குண்டு வெடித்தபோது நாங்கள் எங்கள் பங்கில் பூசையில் இருந்தோம். நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டிக் கோவிலிலும் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் ஹோட்டல்களிலும் நடந்ததெல்லாம் பிறகுதான் ஒவ்வொன்றாகக் காதுக்கு வந்தது. எங்கள் தெருக்களில் அந்த வாரம் வெள்ளைக்கொடி கட்டாத ஒழுங்கை இல்லை. கர்தினால் மல்கம் ரஞ்சித் ஆண்டகையும் குருக்களும் அன்று மக்களை அமைதி காக்கச் சொல்லி, பழிவாங்கலுக்கு இடம் கொடுக்காமல் நின்றது சிறிய காரியம் அல்ல. அதை நான் என்றைக்கும் நன்றியோடு நினைக்கிறேன். ஆனால் கல்லெறியாமல் இருப்பது வேறு, மனதில் கல் இல்லாமல் இருப்பது வேறு. அந்த நவம்பரில் ஜனாதிபதித் தேர்தல் வந்தபோது பங்கு இரண்டாகப் பிளந்தது. பாதுகாப்பு வேண்டும் என்று கோட்டாபய ராஜபக்ஷவுக்கு வாக்களித்த சிங்களக் கத்தோலிக்கர்களும், போரின் கடைசி நாட்களை மறக்க முடியாமல் சஜித் பிரேமதாசவுக்கு வாக்களித்த தமிழ்க் கத்தோலிக்கர்களும் ஒரே பீடத்துக்கு முன்னால் முழந்தாளிட்டார்கள். பூசை முடிந்தபின் முன்பு போல் நின்று பேசிக்கொள்ளவில்லை. இருந்தாலும் இரு பக்கத்தாரும் பேசாமலே உடன்பட்ட ஒரு விடயம் இருந்தது. முஸ்லிம்களிடமிருந்து சற்றுத் தள்ளி இருப்பதே நல்லது என்பதுதான் அது.

எங்கள் வீட்டையே சொல்கிறேன். பக்கத்து ஒழுங்கையில் இருந்த, நாங்கள் நானா என்று அழைத்த முஸ்லிம் அயலவரின் வீட்டிலிருந்து ஒவ்வொரு நோன்புக்கும் எங்களுக்குக் கஞ்சி வரும். அலுமினியத் தூக்குச்சட்டியில், மேலே வெங்காயம் பொரித்துப் போட்டு, இன்னும் ஆவி பறக்க வரும். 2019 மே மாதத்திலும் வந்தது. கொண்டுவந்த பிள்ளை வாசற்படி ஏறாமல் கேற்றருகே நின்றது. அம்மா வாங்கிக்கொண்டார், சட்டியைக் கழுவிக் கொடுத்தார், வழமைபோல் இரண்டு வாழைப்பழங்களும் வைத்தார். ஆனால் அந்தக் கஞ்சியை அன்று எங்கள் வீட்டில் ஒருவரும் குடிக்கவில்லை. குடிக்க வேண்டாம் என்று யாரும் சொல்லவும் இல்லை. இரவு அது அடுப்படித் தொட்டியில் ஊற்றப்பட்டது.

2020 மார்ச் 20 அன்று ஊரடங்குச் சட்டம் வந்து கோவில்கள் மூடப்பட்டபோது நாங்கள் இந்த மனநிலையில்தான் இருந்தோம். பெரிய வாரத்தைத் தொலைக்காட்சிக்கு முன்னால் கழித்தோம். குருத்தோலைக்குப் பதிலாக முற்றத்துப் பாக்கு மரத்தின் ஓலையைக் கிழித்து வைத்துக்கொண்டோம். ஏப்ரல் 12, உயிர்த்த ஞாயிறு திருப்பலியில் கர்தினால் ஆண்டகை, எங்களை அழிக்க வந்தவர்களையும் மன்னித்துவிட்டோம் என்று சொன்னதைக் கேட்டு அம்மா அழுதார். அதே நாட்களில் எங்கள் அன்பியத்தின் வட்ஸ்அப் குழுவில் என்ன ஓடிக்கொண்டிருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். செபமாலை நேரம், திருப்பலி இணைப்பு, ஆன்மீக நற்கருணைச் செபம் ஆகியவற்றைப் பகிர்வதற்காக நானே தொடங்கிய குழு அது. இரண்டு வாரங்களுக்குள் அதில் முஸ்லிம்கள்தான் நோயைப் பரப்புகிறார்கள் என்ற காணொளிகள் வரத் தொடங்கின. செபமாலையின் ஐந்தாம் காரணிக்கத்துக்குக் கீழே, ஒரு பள்ளிவாசலின் படமும் கோபக் குறியும். நிர்வாகியாக அவற்றை அழிக்கும் பொத்தான் என் கையில் இருந்தது. ஆட்களைப் பகைத்துக்கொள்ள வேண்டாம் என்று விட்டுவிட்டேன். கோவில் திறந்திருந்தால் ஃபாதர் மறையுரையில் கண்டித்திருப்பார், யாராவது ஒரு பெரியவர் வாசலில் வைத்துப் பேசியிருப்பார் என்று பின்னாளில் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் கோவில் மூடியிருந்த காலத்தில் அந்தக் குழுதான் எங்கள் பங்கு.

பிறகு கோவில் திறந்து, ஐம்பது பேர்தான் என்று வரம்பு வந்தபோது வேறொரு பிளவு தலைகாட்டியது. எந்த மொழிப் பூசையைக் குறைப்பது, இணையத்தில் எந்தப் பூசையை ஒளிபரப்புவது என்ற கேள்விகளில் தமிழ்ப் பூசை பின்தள்ளப்பட்டதாக எங்களில் பலர் மனம் வெந்தோம். நானும் கடிதம் எழுதினேன். அந்தக் குறையில் நியாயம் இருந்தது என்றுதான் இன்றும் நினைக்கிறேன். எங்கள் மொழிக்கு அத்தனை விரைவாகக் கடிதம் எழுதத் தெரிந்த எனக்கு, அடுத்த சில மாதங்களில் எழுத வேண்டியிருந்த இன்னொரு கடிதத்துக்கு மட்டும் கை வரவில்லை.

அதற்கு முன்பு பங்கின் நல்ல முகத்தையும் சொல்லிவிடுகிறேன். 2020 ஒக்டோபரில் பேலியகொடை மீன் சந்தையிலிருந்து இரண்டாம் அலை பரவி, முகத்துவாரம், மட்டக்குளி, கொட்டாஞ்சேனை, கிராண்ட்பாஸ் பகுதிகள் வாரக்கணக்கில் முடக்கப்பட்டபோது, தோட்டங்கள் என்று நாங்கள் சொல்லும், நாட்கூலியை நம்பிய நெருக்கமான குடியிருப்புகளில் அடுப்பு எரியவில்லை. ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் டி போல் சபையினர் அனுமதிச் சீட்டு வாங்கி, அரிசி, பருப்பு, சீனி, பால்மா, சவர்க்காரம் என்று பொதி கட்டி, தடுப்புக் கயிற்றுக்கு இப்பாலிருந்து கொடுத்தார்கள். பட்டியலில் சமயம் கேட்கப்படவில்லை. பங்கு மண்டபத்தில் இரவு பன்னிரண்டு மணிக்குப் பொதி கட்டிய இளைஞர்களில், முந்தைய ஆண்டுத் தேர்தலில் எதிரெதிராக நின்றவர்களும் இருந்தார்கள். அந்த இரவுகளை நினைத்தால் இன்னும் நெஞ்சு நிறைகிறது. பசித்தவனிடம் சமயம் கேட்காத நாங்கள்தான், செத்தவன் முன்னால் தடுமாறினோம்.

கொவிட்டால் இறந்தவர்களின் உடல்கள் கட்டாயம் எரிக்கப்பட வேண்டும் என்ற வர்த்தமானி 2020 ஏப்ரலிலேயே வந்திருந்தது. அடக்கம் செய்தால் நிலத்தடி நீர் மாசுபடும் என்று காரணம் சொன்னார்கள். அடக்கமும் செய்யலாம், தகனமும் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தும் இங்கே கேட்பார் இல்லை. முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் தாக்கல் செய்த மனுக்களை 2020 டிசம்பர் 1ஆம் திகதி உயர் நீதிமன்றம் விசாரணைக்கு எடுக்காமலே தள்ளுபடி செய்தது. அதற்குப் பின் வந்த நாட்களில்தான் நானா இறந்தார். மூச்சுத்திணறல் என்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மறுநாள் மௌத்தாகிவிட்டார் என்ற செய்தியும், பி.சி.ஆர். முடிவும் சேர்ந்து வந்தன. குளிப்பாட்டவில்லை, கபனிடவில்லை, ஜனாஸாத் தொழுகைக்கு ஆட்கள் கூடவில்லை. மூத்த மகன் மட்டும் போய், தூரத்தில் நின்று, மூடிய பெட்டியைப் பார்த்துவிட்டு வந்தான். மூன்றாம் நாள் நான் கேற்றுக்கு வெளியே நின்று நானாவின் மனைவி ராத்தாவிடம் துக்கம் விசாரித்தேன். அவர் அழவில்லை. "தம்பி, மண்ணுதானே கேட்டோம், வேற என்னத்தக் கேட்டோம்?" என்றார். எனக்கு வார்த்தை வரவில்லை. அந்த மாதம் பொரளை கனத்தை மயானத்தின் வேலியில் பல சமயத்தவரும் வந்து, கட்டாயத் தகனத்தை எதிர்த்து வெள்ளைத் துணி கட்டினார்கள். நான் அந்த வழியாக பஸ்ஸில் போனேன். இறங்கவில்லை.

குழுவில் அன்று ஒருவர் எழுதியிருந்தார்: "சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான், எங்கள் ஆட்களையும்தான் எரிக்கிறார்கள்." பலர் கைகூப்பிக் குறி போட்டார்கள். ஒரு பதில் எழுதி, அனுப்பாமல் அழித்தேன். அந்தப் பதிலை இப்போது எழுதுகிறேன். திருச்சபை 1963 முதல் தகனத்துக்கு இடம் கொடுத்திருக்கிறது. 2016இல் வந்த அறிவுறுத்தலிலும் அடக்கமே மேலானது என்றுதான் சொல்கிறது, தகனத்தைத் தடுக்கவில்லை. எங்கள் தாய்மாருக்கு அது மனவேதனை. அந்த வேதனை உண்மையானது. முஸ்லிம்களுக்கோ அது மார்க்கத்தில் இடமே இல்லாத காரியம். ஒருவருக்குக் கடினமாகவும் மற்றவருக்கு இயலாததாகவும் இருக்கும் சட்டத்தை எல்லோருக்கும் ஒன்று என்று சொல்வது நேர்மை அல்ல. மேலும் இறந்தோரை அடக்கம் செய்வது எங்கள் மறைக்கல்வியில் சிறுவயதிலேயே மனப்பாடம் செய்யும் இரக்கச் செயல்களில் ஒன்று. நினிவேயில் அரசன் கொன்று எறிந்த உடல்களை இரவில் எடுத்துப்போய்ப் புதைத்த தோபித்தை நாங்கள் வாசகத்தில் கேட்டிருக்கிறோம். அதற்காக அவர் சொத்தை இழந்தார், ஊரைவிட்டு ஓடினார், திரும்பி வந்தும் பந்தியை விட்டு எழுந்து மீண்டும் ஓர் உடலை எடுக்கப் போனார், அயலவர் அவரை ஏளனம் செய்தார்கள். எங்களிடம் யாரும் சொத்தைக் கேட்கவில்லை. ஞாயிறு மன்றாட்டில் ஒரு வரி சொல்லியிருக்கலாம். நாங்கள் அதைக்கூடச் சொல்லவில்லை.

2021 மார்ச் முதல் வாரத்தை என் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பெப்ரவரி கடைசியில் அடக்கத்துக்கு அனுமதி வந்தது. மார்ச் 2ஆம் திகதி அரசாங்கம் அதற்குத் தேர்ந்தெடுத்த இடம் இரணைதீவு. 1992இல் இடம்பெயர்ந்து, கடற்படை பிடித்து வைத்திருந்த தங்கள் மண்ணுக்கு 2018 ஏப்ரலில் தாங்களே படகேறித் திரும்பிய தமிழ்க் கத்தோலிக்க மீனவர்களின் தீவு. எத்தனையோ இடம் இருக்க, காயம் ஆறாத ஒரு சனத்தின் காலடியைக் காட்டி, இன்னொரு சனத்துக்கு இங்கே புதை என்றார்கள். இரணைதீவு மக்கள் தெருவில் இறங்கியபோது எங்கள் குழு உற்சாகத்தோடு அவர்களை ஆதரித்தது. அவர்களின் மண்ணுக்காகவா, முஸ்லிம் உடல்கள் வரக்கூடாது என்பதற்காகவா என்று யாரும் தங்களைக் கேட்டுக்கொள்ளவில்லை. இரணைதீவுக்குப் பதிலாக, மார்ச் 5ஆம் திகதி கிழக்கில் ஓட்டமாவடியில் முதல் அடக்கங்கள் நடந்தன. மார்ச் 7ஆம் திகதி கறுப்பு ஞாயிறு. உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்கு நீதி கேட்டு நாடு முழுவதும் கத்தோலிக்கர் கறுப்பு உடுத்துப் பூசைக்குப் போனோம். நானும் கறுப்புச் சட்டையோடு நின்றேன், முழு மனதோடு நின்றேன். கோவில் மணி அடித்தபோது கொச்சிக்கடையில் இறந்தவர்களை நினைத்தேன். எங்கள் இறந்தவர்களுக்கு நீதி கொடு என்று அரசிடம் கேட்க எங்களுக்கு முழு உரிமை உண்டு. ஆனால் அதே அரசு ராத்தாவிடமிருந்து கணவனின் உடலைப் பறித்தபோது மௌனமாக இருந்தவர்கள் நாங்கள். அந்த மௌனம் எங்கள் குரலின் பாதி வலுவைத் தின்றுவிட்டது என்பதை அந்தச் சட்டைக்குள் நின்றுதான் உணர்ந்தேன்.

மூன்று வாரம் கழித்து, ஏப்ரல் 1, பெரிய வியாழன் அன்று, மன்னாரின் முன்னாள் ஆயர் இராயப்பு யோசப் ஆண்டகை காலமானார். போரின் முடிவில் 146,679 பேருக்குக் கணக்கு இல்லை என்று நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் துணிந்து சொன்னவர். பங்குச் சபையின் இருமொழிக் குழுவில் அஞ்சலி போட்டோம். ஒரு சிங்கள அங்கத்தவர் ஒன்றும் சொல்லாமல் குழுவை விட்டு வெளியேறினார். முடக்கக் காலத்தில் பொதி கட்ட என்னோடு நின்றவர் அவர். எனக்குச் சுள்ளென்று வலித்தது. எங்கள் இறந்தவர்களை அவர் தன்னுடையவர்களாகக் காணவில்லையே என்று குமைந்தேன். அன்றிரவுதான், பஸ்ஸிலிருந்து இறங்காத என்னைப் பற்றி ராத்தாவும் இப்படித்தானே நினைத்திருப்பார் என்று தோன்றியது.

இப்போது எதற்கு என்ற கேள்விக்கு வருகிறேன். கட்டாயத் தகனத்துக்காக 2024 ஜூலையில் அமைச்சரவையே முஸ்லிம் மக்களிடம் மன்னிப்புக் கேட்டது. எரித்த அரசு கேட்டுவிட்டது. பார்த்துக்கொண்டிருந்த நாங்கள் கேட்கவில்லை. எங்கள் பங்கில் அப்போது பூசையில் பாடகர் குழுவில் நின்ற பிள்ளைகள் இப்போது வாலிபர்கள். அந்த வட்ஸ்அப் குழுவை வாசித்து வளர்ந்தவர்கள். இது அரசியல், பீடத்துக்கு முன் வேண்டாம் என்று சொல்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன்: கறுப்பு ஞாயிறு பீடத்துக்கு முன்தானே நடந்தது? அது சரியென்றால் இதுவும் சரி.

பங்குத்தந்தை என் வேண்டுகோளை மறுக்கவில்லை. "எழுதித் தாருங்கள், சபையில் பேசுவோம்" என்றார். தமிழில் ஒன்றும் சிங்களத்தில் ஒன்றும் எழுதிப் பங்கு அலுவலகத்தில் கொடுத்திருக்கிறேன். கொடுப்பதற்கு முன் ராத்தாவிடம் காட்டினேன். அவர் தமிழ் வரியை மகனைக்கொண்டு இரண்டு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டார். 'சகோதரர்கள்' என்று நான் எழுதியிருந்த இடத்தில் 'அயலவர்கள்' என்று மாற்றச் சொன்னார். மாற்றிவிட்டேன். தமிழ்ப் பூசையில் அதை நான் வாசிப்பேன். சிங்களப் பூசையில் யார் வாசிப்பது என்று இன்னும் முடிவாகவில்லை.