குரலைவிட ஒப்பந்தம்தான் சிக்கல்

ஓபரா என்ற மேற்கத்திய இசை நாடகத்தில் பாடுபவர்களின் குரல், வயது நாற்பதைத் தாண்டினால் தேய்ந்துவிடும் என்று அண்மையில் படித்த ஒரு கட்டுரை சொல்கிறது. அப்படி ஒரே அடியாகச் சொல்லிவிட முடியாது. புகழ்பெற்ற பாடகி மரியா காலஸ் கடைசியாக ஓபரா மேடை ஏறியது 1965இல், 41 வயதில். சரி. ஆனால் பல பத்தாண்டுகள் டெனராக, அதாவது உயர்ந்த ஆண்குரலில் பாடிய பிளாசிடோ டொமிங்கோ, 2009இல் 68 வயதில் இத்தாலிய இசையமைப்பாளர் வெர்டியின் 'சிமோன் பொக்கனேக்ரா' ஓபராவில், அதைவிடத் தாழ்ந்த பாரிடோன் குரல் பாத்திரத்துக்கு மாறினாரே! ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரின் ஓபராக்களில் குரலுக்குக் கனமான பாத்திரங்களைப் பலர் தொடுவதே முப்பதுகளின் பிற்பகுதியில்தான்.

கட்டுரை தொடாத விஷயம் பணம். தனித்து இயங்கும் பாடகருக்குப் பெரும்பாலும் மேடையேறிய இரவுக்குத்தான் சம்பளம். வாரக்கணக்கில் ஒத்திகை பார்த்துவிட்டு, அன்றைக்குத் தொண்டை கட்டினால் கைக்கு ஒன்றும் வராது. (சளி பிடித்தவரைக் கண்டால் இவர்கள் ஏன் ஓடுகிறார்கள் என்பது புரிகிறதா?) ஜெர்மன் அரங்குகளில் மாதச் சம்பளத்துக்குப் பாடகர்களை அமர்த்தும் 'ஃபெஸ்ட்' முறை இருக்கிறது. அதிலும் ஒரு கொக்கி: ஒரே அரங்கில் 15 ஆண்டு முடித்தவரை எளிதில் அனுப்ப முடியாது. அதனால் அந்தக் கெடு நெருங்கும்போதே சிலரின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் விட்டுவிடுகிறார்கள். குரல் நன்றாக இருக்கும்போதே வேலை போவது இப்படித்தான்.