வைத்ததும் சாப்பிடுங்கள், மற்றதை அப்புறம் பேசலாம்

டோக்கியோவின் கின்ஸா பகுதியில் ஒரு சுஷி கடையில் நம் தமிழ்த் தம்பி ஒருவர் எடுத்துப் போட்ட வீடியோவை இந்நேரம் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். எனக்கு அதை அனுப்பியவர்கள் சும்மா அனுப்பவில்லை. "ஜப்பான்காரனுக்கு எப்பவும் வக்காலத்து வாங்குவீங்களே, இதுக்கு என்ன சொல்றீங்க?" என்று ஒரு வரியும் சேர்த்து அனுப்பினார்கள். சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் சொல்வேன், மனசு இன்னும் ஆறவில்லை.

நடந்தது இவ்வளவுதான். எட்டே இருக்கை உள்ள சுஷி கவுண்ட்டர். தம்பி இருபது நிமிடம் தாமதமாக உள்ளே நுழைகிறார். முதல் நிகிரி, அதாவது பிடித்த சோற்றின் மேல் மீன் துண்டு வைத்த சுஷி, அவர் முன்னால் வந்து உட்காருகிறது. அவர் அதைத் தொடவில்லை. போனைச் சின்ன முக்காலியில் பொருத்தி, "வணக்கம் மக்களே" என்று தொடங்கி, இரண்டு நிமிடத்துக்கு மேல் பேசுகிறார். கவுண்ட்டருக்கு உள்ளே நின்று சுஷி பிடிக்கும் பெரியவர் அடுத்ததைப் பிடிக்காமல் கையை நிறுத்திக்கொண்டு காத்திருக்கிறார். கடைசியில் தலையைக் கொஞ்சம் தாழ்த்தி, தட்டைக் காட்டி, முதலில் சாப்பிடுங்கள் என்கிறார். இதற்குத் தம்பி வைத்த தலைப்பு: "நாற்பதாயிரம் யென் வாங்கிக்கொண்டு என்னை அவமானப்படுத்திய கடை."

அது அவமானம் இல்லை. அந்தப் பெரியவர் தன் வேலையைக் காப்பாற்றப் பார்த்தார்.

நிகிரியின் ஆயுள் மிகக் குறைவு. கீழே இருக்கும் சோறு ஏறக்குறைய உடம்புச் சூட்டில், 36, 37 டிகிரியில் இருக்கும். மேலே இருக்கும் மீன் அதைவிடக் குளிர்ச்சி. வாய்க்குள் போகும்போது இந்த வித்தியாசம் இருந்தாக வேண்டும். சோற்றை அழுத்திப் பிடிப்பதில்லை. வெளிப்பக்கம் மட்டும் சேர்ந்திருக்கும், உள்ளே காற்று இருக்கும். கைதேர்ந்தவர் பிடித்ததைத் தட்டில் வைத்த கணத்தில் உற்றுப் பாருங்கள், தன் எடையிலேயே அது லேசாக அமுங்குவது கண்ணுக்குத் தெரியும். அந்த நேரத்தில் எடுத்து வாயில் போட்டால் பருக்கை பருக்கையாகப் பிரியும். இரண்டு நிமிடம் விட்டால் காற்று போய்விடும், சோறு ஆறி இறுகும், மீன் மேல் தூரிகையால் தடவிய சாஸ் வழிந்து அடியில் இறங்கும், மீனும் சூடேறும். வசாபி என்ற காரக் கிழங்கைச் சுறாத்தோல் பலகையில் துருவிய சில நிமிடங்களிலேயே மணம் இறங்கத் தொடங்கிவிடும். நோரி என்ற கடற்பாசித் தாள் சுற்றியது என்றால் இன்னும் மோசம். ஈரத்தை இழுத்துக்கொண்டு, மொறுமொறுவென்று முறிய வேண்டிய தாள் ரப்பராக இழுபடும். நாற்பதாயிரம் யென்னுக்குத் தம்பி சாப்பிட்டது அந்த ஆறிப்போனதைத்தான். "அப்படி ஒண்ணும் பெருசா இல்ல மக்களே" என்று சொன்னார் பாருங்கள், அது உண்மையாகவே இருக்கும். இரண்டு நிமிடம் கழித்துச் சாப்பிட்டால் யார் பிடித்த நிகிரியும் அப்படித்தான் இருக்கும்.

"இருபது நிமிடம் தாமதம், அதுக்கு மூஞ்சியத் தூக்கி வச்சுக்கணுமா?" என்று கேட்கிறார்கள். இந்த மாதிரிக் கவுண்ட்டர்களில் பெரும்பாலும் எட்டுப் பேருக்கும் ஒரே நேரத்தில் ஆரம்பிப்பார்கள். காரணம் கெடுபிடி இல்லை, சோறு. சுற்று தொடங்கும் நேரத்தைக் கணக்கிட்டுத்தான் அடுப்பே பற்றவைப்பார்கள். அரிசியைக் கழுவி ஊறவைத்து, வழக்கத்தைவிடத் தண்ணீர் குறைத்து, கெட்டியாக வேகவைப்பார்கள். ஈரப்பதம் குறைந்த பழைய அரிசியைப் புது அரிசியோடு கலப்பவர்களும் உண்டு, அப்போதுதான் வினிகரை நன்றாகக் குடிக்கும். வெந்ததும் வாயகன்ற மரத்தொட்டியில் கொட்டி, ஆவி பறக்கும்போதே வினிகரும் உப்பும் கலந்ததை ஊற்ற வேண்டும். சூடாக இருந்தால்தான் உள்ளே இழுக்கும். பிறகு மரத் துடுப்பால் வெட்டுவது போலக் கிளற வேண்டும், மசிக்கக் கூடாது. விசிறுவது அதற்கும் பிறகுதான். அவசரப்பட்டு முதலிலேயே விசிறினால் வினிகர் உள்ளே போகாமல் வெளியே தங்கி, சோறு நசநசவென்று ஆகிவிடும். இப்படித் தயாரான சோறு கையில் பிடிக்கும் பதத்தில் நிற்பது கொஞ்ச நேரம்தான். மூடிய மரப்பாத்திரத்தில் சூடு போகாமல் வைத்துக்கொண்டு, அதற்குள் எட்டுப் பேருக்கும் பரிமாறி முடிக்க வேண்டும். ஒருவர் இருபது நிமிடம் தாமதமானால், நேரத்துக்கு வந்த மற்ற ஏழு பேரின் சோறும் பதம் தாண்டுகிறது. அவர்களும் அதே நாற்பதாயிரம் கொடுத்தவர்கள்தானே? வீடியோவில் அவர்கள் முகம் யாருக்காவது தெரிந்ததா?

அடுத்தது, எல்லோரும் சிரிப்பு எமோஜியோடு கேட்ட கேள்வி: "பச்ச மீன வெட்டிச் சோத்து மேல வைக்க நாப்பதாயிரமா?"

வெட்டி வைப்பது மட்டும்தான் வேலை என்று நினைப்பதால் வரும் கேள்வி இது. கொஹாதா என்று ஒரு சின்ன வெள்ளி மீன். மலிவான மீன்தான், முள்ளும் அதிகம். அதன் செதிலை உரசி, தலையை நறுக்கி, குடலெடுத்து, வயிற்றுப் பக்கமாகப் பிளந்து விரித்து, நடுமுள்ளையும் விலா முள்ளையும் சீவி எடுத்து, மூங்கில் தட்டில் பரப்பி உப்புத் தூவ வேண்டும். எவ்வளவு நேரம்? அங்கேதான் ஆளின் கை தெரியும். மீனின் அளவு, அன்றைக்கு அதில் உள்ள கொழுப்பு, அறையின் சூடு எல்லாம் பார்க்க வேண்டும். கொழுப்பு ஏறிய மீனில் உப்பு மெதுவாகத்தான் இறங்கும், மெலிந்த மீனில் சட்டென்று இறங்கிவிடும். ஒரே கூடையில் வந்த மீன்களையே பெரிது சிறிது பிரித்து வேறு வேறு நேரத்தில் உப்பை அலசுவார்கள். ஐந்து நிமிடம் கூடினால் கரிக்கும், குறைந்தால் கவிச்சி நிற்கும். அலசியபின் வினிகரில் ஒரு முக்கு, மறுபடி புது வினிகரில் ஊறல், பிறகு வடியவிட்டு ஒரு நாளோ இரண்டு மூன்று நாளோ குளிரில் வைத்தால்தான் உப்பும் புளிப்பும் சதைக்குள் சமமாகும். இன்று நீங்கள் ஒரு வாயில் போட்டுக்கொண்டது இரண்டு நாள் முன்பு ஒருவர் குனிந்து செய்த வேலை. விவரம் தெரிந்தவர்கள் ஒரு கடையை எடைபோடுவது சூரையை வைத்து இல்லை, இந்த மலிவு மீனை வைத்துத்தான்.

சூரையும் வந்த அன்றே வெட்டி வைப்பதில்லை. காகிதத்தில் சுற்றி, ஐஸில் வைத்து, தினமும் காகிதம் மாற்றி, நாள் கணக்கில் பதப்படுத்துகிறார்கள். இறந்த மீனின் தசையில் உள்ள ஏடிபி என்ற ஆற்றல் தரும் பொருள் மெல்லச் சிதைந்து இனோசினிக் அமிலமாகும்போதுதான் ருசி கூடுகிறது. ஜப்பானிய விஞ்ஞானி கொதாமா ஷின்தாரோ 1913-லேயே காய்ந்த சூரையில் கண்டறிந்த அதே பொருள். அந்தச் சிதைவு சீராக நடக்க வேண்டும் என்பதற்காகவே சில மீன்களைப் பிடித்தவுடன் மூளையில் குத்திக் கொன்று, ரத்தம் வடித்து, முதுகுத்தண்டில் கம்பி விட்டு நரம்பை அடக்குகிறார்கள். பதப்படுத்திய பிறகு கறுத்த ஓரம், ரத்தம் கட்டிய பகுதி, நரம்போடிய பகுதி எல்லாம் கழித்தால் வாங்கிய எடையில் நல்ல பங்கு போய்விடும். அதற்கும் சேர்த்துத்தான் விலை.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். "அதான் வினிகர்ல போடுறாங்களே, புழு செத்துடும்" என்று ஒருவர் நம்பிக்கையோடு எழுதியிருக்கிறார். சாகாது. கடல் மீனில் இருக்கக்கூடிய அனிசாகிஸ் என்ற ஒட்டுண்ணிப் புழுவை வினிகரும் கொல்லாது, வசாபியும் கொல்லாது. மைனஸ் 20 டிகிரியில் 24 மணி நேரமாவது உறைய வேண்டும், இல்லையென்றால் வேகவைக்க வேண்டும். உறையவைக்காத மீனில் பழகிய கண் தேடிப் பொறுக்கித்தான் எடுக்கிறது. வீட்டில் வஞ்சிரத்தை வாங்கி வந்து வினிகர் ஊற்றிச் செய்துபார்க்காதீர்கள்.

சோயா சாஸில் கரைத்துக்கொள்ள வசாபி கேட்டதையும், அது கிடைக்காததையும் தம்பி பெரிய குற்றமாகச் சொல்கிறார். ஐயா, வசாபி ஏற்கெனவே மீனுக்கும் சோற்றுக்கும் நடுவில் இருக்கிறது. கொழுப்பு அதிகமுள்ள துண்டுக்கு அதிகம், வெள்ளை மீனுக்குக் குறைவு. கொழுப்பு காரத்தை அமுக்கிவிடும் என்பதால் அந்தக் கணக்கு. சாஸும் மிரின் என்ற இனிப்பு அரிசி மதுவோடு கொதிக்கவைத்து, அளவாகத் தடவியே வருகிறது. கூடக் குறைய வேண்டும் என்றால் வாய்விட்டுக் கேட்கலாம், மறுக்க மாட்டார்கள். கையால் சாப்பிடலாம், குச்சியாலும் சாப்பிடலாம். நீங்கள் இடதுகைக்காரர் என்று கண்டால், சொல்லாமலே துண்டைத் திருப்பி வைக்கும் ஆட்கள் இவர்கள். அவ்வளவு கவனிக்கிறவரைப் பார்த்துத்தான் 'திமிர்' என்று எழுதியிருக்கிறார்கள்.

"காசு கொடுத்தவன் நான், எப்படிச் சாப்பிடணும்னு எனக்குச் சொல்லாதே." இதுதான் அதிக லைக் வாங்கிய கருத்து. சரி, கொடுத்த காசு எதற்கு? கடைத்தெருவில் சுழலும் பட்டையில் வரும் சுஷிக்கு இதில் மிகச் சிறு பங்குதான் விலை, அங்கே வீடியோ எடுத்துக்கொண்டே ஆற அமரச் சாப்பிடலாம், யாரும் கேட்கப்போவதில்லை. அதிலும் நல்ல சாப்பாடு உண்டு, நான் குறைத்துச் சொல்லவே மாட்டேன். ஆனால் கவுண்ட்டரில் கொடுக்கும் கூடுதல் காசு முழுக்க முழுக்க அந்தச் சில நொடிகளுக்கானது. காசையும் கொடுத்து நொடிகளையும் தூக்கி எறிந்துவிட்டு, ஏமாற்றிவிட்டார்கள் என்றால் எப்படி?

"சுஷியே தெருவோரத் தள்ளுவண்டிச் சாப்பாடுதானே, இவ்வளவு பவுசு எதுக்கு?" வரலாறு சரி. 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் எடோவில் (இன்றைய டோக்கியோ) ஹனாயா யோஹே போன்றவர்கள் பரப்பியது அவசரப் பசிக்கான உணவுதான். இன்றைக்கு லட்சங்களில் போகும் சூரையின் கொழுப்புப் பகுதியை அன்று சீந்துவாரில்லை, சீக்கிரம் கெட்டுவிடும் என்று கழித்தார்கள். அதனால் என்ன? தெருவில் பிறந்ததை ஒருவர் ஆயுளைக் கொடுத்து நுணுக்கமாக்கினால் அது குற்றமா? தள்ளுவண்டி முன்னால் நின்றவனும் பிடித்துக் கொடுத்ததை உடனே வாயில்தான் போட்டான்.

நீலத்துடுப்புச் சூரை அழிகிறதே என்று கேட்ட ஒருவருக்கு மட்டும் என்னிடம் வாதம் இல்லை. பசிபிக் இனத்தின் நிலையை 2021-இல், அழியும் உயிரினங்களைக் கணக்கெடுக்கும் ஐயூசிஎன் அமைப்பின் செம்பட்டியலில் ஒரு படி தளர்த்தினார்கள். கவலை அதோடு தீர்ந்துவிடவில்லை. 2019 ஜனவரி 5 அன்று டோக்கியோவின் தொயோசு மீன் சந்தையின் முதல் புத்தாண்டு ஏலத்தில் 278 கிலோ மீன் ஒன்று 33 கோடியே 36 லட்சம் யென்னுக்குப் போனதை நான் பெருமையாகச் சொல்லமாட்டேன். அது விளம்பரத்துக்கான விலை, அந்த மீனின் அன்றாட விலை அதன் பக்கத்தில்கூட வராது. சூரை வேண்டாம் என்று முன்பதிவின்போதே சொல்லிவிடலாம், அதை மதிக்கும் கடைகள் இருக்கின்றன.

வெளிநாட்டுக்காரர்களை ஒதுக்குகிறார்கள் என்பதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அது ஏன் என்று யோசித்துப் பார்த்தீர்களா? எட்டு இருக்கை, இரவுக்கு இரண்டு சுற்று, மொத்தம் பதினாறு பேர். நால்வர் முன்பதிவு செய்துவிட்டுச் சொல்லாமல் வராமல் போனால், அந்த நான்கு பேருக்காக வாங்கி, உப்பிட்டு, நாள் கணக்கில் பதப்படுத்திய மீனை யாருக்கு விற்பது? நாளைக்கு வேறு மீன், வேறு ஆட்கள். அதனால்தான் முன்பணம், நூறு சதவீத ரத்துக் கட்டணம், ஓட்டல் வரவேற்பாளர் வழியாக மட்டுமே பதிவு என்று கதவு ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டே வருகிறது. டோக்கியோவின் புகழ்பெற்ற சுஷி கடையான சுகியாபாஷி ஜிரோவை 2019 நவம்பரில் மிஷெலின் உணவகக் கையேட்டிலிருந்து எடுத்தபோது சொன்ன காரணம் ருசி இல்லை. பொதுமக்கள் முன்பதிவு செய்ய வழியில்லை என்பதுதான். பத்தே இருக்கை உள்ள கடை அது. இந்த மாதிரி வீடியோ ஒவ்வொன்றும் இன்னொரு கதவைச் சாத்தவைக்கிறது. சாத்தினால் வெளியே நிற்கப்போவது தம்பி இல்லை. வருஷக்கணக்கில் காசு சேர்த்து, ஒரு தடவையாவது உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று வருகிற நம் ஆட்கள்தான்.

எனக்கு 'அடிமைப் புத்தி' என்று பட்டம் கொடுத்தவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். கையால் வேலை செய்கிற ஒருவர், அந்த வேலையைக் கெடுக்காதீர்கள் என்று தலை தாழ்த்திக் கேட்டார். அவர் பக்கம் நிற்பது அடிமைத்தனம் என்றால், எந்த வேலைக்கும் நாம் மரியாதை கொடுக்க மாட்டோம் என்றுதான் பொருள். சோறு வடிக்க மூன்று வருஷம், பிடிக்க எட்டு வருஷம் என்று அந்தத் தொழிலில் ஒரு வழக்கு உண்டு. அப்படித் தேய்ந்த ஒருவரின் முகத்தை மறைக்காமல், அனுமதியும் கேட்காமல், லட்சம் பேர் சிரிப்பதற்குப் போட்டிருக்கிறீர்கள். எனக்கு வலித்தது அதுதான்.

அடுத்த மாதம் போகிறேன், என்ன செய்ய வேண்டும் என்று இன்பாக்ஸில் கேட்பவர்களுக்கு: முதல் தடவை என்றால் மதியச் சுற்றைப் பாருங்கள், பல கடைகளில் விலை குறைவு. ஞாயிற்றுக்கிழமையும் பல புதன்கிழமைகளும் தொயோசு சந்தை விடுமுறை, நிறையக் கடைகளும் மூடியிருக்கும். ரத்து நிபந்தனையைப் படித்த பிறகு அட்டை எண்ணைக் கொடுங்கள். ஒவ்வாமை எதுவானாலும் பதிவின்போதே எழுதுங்கள். சாக்கே என்ற அரிசி மதுவும் மிரினும் சாஸில் இருக்கும், சில கடைகள் சோற்றில் சேர்க்கும் செவ்வினிகரே சாக்கே சக்கையிலிருந்து வருவது, ஆகவே மது அறவே கூடாது என்பவர்கள் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். சைவம் சாப்பிடும் துணைவரைக் கூட்டிப்போய்ச் சும்மா உட்காரவைக்காதீர்கள், அந்த இருக்கைக்கும் முழு விலைதான். சென்ட் பூசாதீர்கள். கைக்கடிகாரத்தையும் மோதிரத்தையும் கழற்றிவிடுங்கள், கவுண்ட்டர் ஒரே பலகையில் இழைத்த ஹினோகி மரம், கீறல் விழும். பத்து நிமிடம் முன்னால் கடை வாசலுக்குப் போய்விடுங்கள். படம் எடுக்கலாமா என்று கேளுங்கள், சரி என்றால் ஒரே ஒரு படம். எடுத்தவுடன் வாயில் போடுங்கள்.