இரவு பத்தரை மணிக்கு மேல் என்னிடம் கணக்குக் கேட்காதீர்கள்

விழா மேடையில் ஒருவர் ஆரோக்கியத்தைப் பற்றிப் பேசிய அந்தக் காணொளியை இதற்குள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்களுக்கும் யாராவது அனுப்பி வைத்திருப்பார்கள். மூன்றாவது வரிசையில் பச்சைப் புடவையில் கை தூக்கியிருப்பவள் நான்தான். "நீங்களா அது?" என்று ஆளாளுக்குக் கேட்பதால் நானே சொல்லிவிடுகிறேன்.

"இரவுச் சாப்பாடு முடிந்த பிறகு திருட்டுத்தனமாக எதையாவது கொறிக்கிற பெண்கள் கை தூக்குங்கள்" என்றார் அந்தப் பேச்சாளர். உள்ளதைக் கேட்கிறார், உள்ளதைச் சொல்வோம் என்று தூக்கினேன். இன்னும் சிலரும் தூக்கினார்கள். உடனே அவர், "வீட்டு நோய் எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரிகிறதா?" என்று கேட்டுச் சிரித்தார். மண்டபமே சிரித்தது. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவுக்கு எழுபது வயது இருக்கும். தூக்கிய கையை மெல்ல இறக்கித் தலைப்புக்குள் வைத்துக்கொண்டார். பேரன் பேத்தி எடுத்தவரை ஊர் நடுவில் கூசவைத்துத்தான் ஆரோக்கியத்தைச் சொல்லிக்கொடுக்க வேண்டுமா?

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். படுக்கப் போவதற்கு முன்னால் கிடைக்கும் அந்த அரைமணி நேரம் என்னுடையது. அதில் நான் எதைத் தின்கிறேன், எதைப் படிக்கிறேன், எந்தப் பாட்டைக் கேட்கிறேன் என்பதற்காக நான் யார் முன்னாலும் தலைகுனிய மாட்டேன்.

அந்த அரைமணி எப்போது வருகிறது தெரியுமா? கடைசிப் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்து, அடுப்பு மேடையைத் துடைத்து, பாலுக்கு உறை ஊற்றி, மறுநாள் குழம்புக்குக் கொண்டைக்கடலை ஊறவைத்து, மாமியாருக்கு மாத்திரை கொடுத்து, கொல்லைக் கதவின் தாழ்ப்பாளை ஒருமுறை இழுத்துப் பார்த்த பிறகு வருகிறது. அப்போது மணி பத்தரை. பரணுக்குக் கீழே இருக்கும் முறுக்கு டப்பாவை எடுக்கிறேன். முழு முறுக்கு எதுவும் அதில் இருக்காது. முழுசெல்லாம் பிள்ளைகளுக்கும் வந்தவர்களுக்கும் போய்விடும். அடியில் உடைந்த துண்டுகளும், எள்ளும் ஓமமும் கலந்த தூளும் கிடக்கும். அதைக் கையில் கொட்டிக்கொண்டு, வானொலியைச் சன்னமாக வைத்துவிட்டு, அம்மா பைண்டு செய்து வைத்த பழைய தொடர்கதையில் நாலு பக்கம் படிக்கிறேன். ஒரு குடும்பத்தின் ஆரோக்கியத்தைக் கெடுக்கும் பெருங்குற்றம் இவ்வளவுதான்.

"மருத்துவர்கள் சொல்வதைத்தானே அவரும் சொன்னார்" என்று சிலர் எனக்கு எழுதியிருக்கிறார்கள். சரி, அதையும் பேசுவோம். இந்தியாவில் 10 கோடிக்கும் அதிகமானோருக்கு நீரிழிவு இருக்கிறது என்று 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ஆய்வு சொன்னது. அதை நான் மறுக்கவில்லை. நீரிழிவு உள்ளவர்கள் இரவில் என்ன சாப்பிடலாம் என்பதைத் தங்கள் மருத்துவரிடம் கேட்டு அதன்படி நடக்க வேண்டும். எங்கள் வீட்டிலேயே மாமியாருக்கு அப்படித்தான் அளந்து கொடுக்கிறேன். மாலையில் குடிக்கிற காபியின் காஃபீனில் ஏறத்தாழ பாதி ஐந்து மணி நேரம் கழித்தும் உடம்பில் தங்கியிருக்கும் என்பதும் எனக்குத் தெரியும். அதனால்தான் நான்கு மணிக்கு மேல் காபியைத் தொடுவதில்லை. ஆனால் ஒரு கைப்பிடி முறுக்குத் தூளைத் தின்றவளைப் பார்த்து "நோய் ஆரம்பிக்கும் இடம்" என்று சொல்வதை எந்த மருத்துவத்தில் சேர்ப்பது? என்னைப் பரிசோதிக்கிற மருத்துவர் ஒருநாளும் என்னை அப்படிப் பேசியதில்லை.

படிப்பதையும் அந்தப் பேச்சாளர் விட்டுவைக்கவில்லை. இரவில் கதை படித்தால் மனம் அலைபாயும், தூக்கம் கெடும் என்றார். கெடுப்பது கைபேசி வெளிச்சம். பாஸ்டன் நகரத்து ஆய்வாளர்கள் 2014இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பன்னிரண்டு பேரை வைத்துச் செய்த சின்ன ஆய்வுதான். படுக்கும் முன் ஒளிரும் திரையில் படித்தவர்களுக்குத் தூக்கம் வருவதற்கு, மங்கிய வெளிச்சத்தில் அச்சுப் புத்தகம் படித்தவர்களைவிடப் பத்து நிமிடம் போல அதிகமாக ஆனது. தூக்கத்துக்கு உடம்பைத் தயார் செய்கிற மெலட்டோனின் சுரப்பதும் திரை வெளிச்சத்தில் தள்ளிப்போனது. நான் படிப்பது மஞ்சளேறிய காகிதத்தில். விழா முடிந்து வீட்டுக்குப் போய், நள்ளிரவு வரைக்கும் அந்தக் காணொளியைக் குழுவுக்குக் குழு அனுப்பிக்கொண்டிருந்தவர்கள் தங்கள் மெலட்டோனினைப் பற்றிக் கவலைப்படட்டும்.

"நம் முன்னோர்கள் பொழுது சாய்ந்ததும் படுத்தார்கள்" என்று ஒரு வாதம் எப்போதும் வரும். எந்த முன்னோர்கள்? எங்கள் வந்தவாசிப் பக்கம் வந்து கேட்டுப் பாருங்கள். திரௌபதியம்மன் கோயிலில் பாரதக் கூத்து இரவு பத்து மணிக்கு மேல் தொடங்கினால் விடிந்துதான் முடியும். பாயும் போர்வையும் தலையணையுமாக ஊரே போய் உட்காரும். வறுத்த வேர்க்கடலை கொறிக்காமல் கூத்துப் பார்த்தவர் ஒருவரைக் காட்டுங்கள். சிவராத்திரிக்கும் வைகுண்ட ஏகாதசிக்கும் பரமபதம் ஆடியே விடியவைத்த பாட்டிகள் எத்தனை பேர்! அந்தப் பாட்டிகள் யாரும் நம் முன்னோர்கள் இல்லையா?

இந்த இடத்தில் என் அம்மாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்கள் வீட்டில் அம்மா படிப்பது ஒரு பெரிய ரகசியம். பக்கத்து வீட்டில் வாங்குகிற வாரப் பத்திரிகை, அவர்கள் படித்து முடித்த பிறகு எங்கள் வீட்டுக்கு வரும். தொடர்கதைப் பக்கங்களை அம்மா பிளேடால் நறுக்கி, ஊசி நூலால் தைத்து, பழைய நாட்காட்டி அட்டையை மேலுறையாகப் போட்டு வைப்பார். இப்போதும் அதைப் பிரித்தால் கதை ஒரு பக்கம், அதன் பின்னால் பாதி நகைச்சுவைத் துணுக்கு, பல்பொடி விளம்பரம், யாரோ அனுப்பிய வடுமாங்காய்க் குறிப்பின் கடைசி இரண்டு வரிகள். எல்லோரும் படுத்த பிறகு, அடுப்படியில் ஜீரோ வாட் பல்பின் கீழே, ஒரு கிண்ணத்தில் பொட்டுக்கடலையும் சர்க்கரையும் கலந்து வைத்துக்கொண்டு படிப்பார். கூடத்தில் அப்பா புரண்டு படுத்தாலும் போதும், புத்தகம் அரிசிப் பானைக்குப் பின்னால் போய்விடும். "என்னடி வெளிச்சம்?" என்று குரல் வரும். "பூனை வந்த மாதிரி இருந்தது" என்பார் அம்மா. அப்பா கெட்டவர் இல்லை. மின்கட்டணத்துக்குப் பயந்தவர். ஆனாலும் காலையில் கோலம் போடுவதில் தொடங்கி நாள் முழுவதும் ஓயாமல் உழைத்த ஒருத்தி, ஒரு கிண்ணம் பொட்டுக்கடலைக்காகப் பூனையைச் சாட்சிக்கு இழுக்க வேண்டியிருந்தது. இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

அந்தக் கிண்ணத்தில் என்ன குற்றம் இருந்தது? "திருட்டுத்தனமாக" என்று மேடையில் சொன்னாரே, அந்தச் சொல்தான் என்னை மூன்று நாட்களாகத் தூங்கவிடவில்லை. முறுக்கு நான் சுட்டது. டப்பா நான் துலக்கியது. நான் யாரிடம் திருடினேன்?

இதில் பெண்ணியத்தை ஏன் இழுக்கிறீர்கள் என்று கேட்பீர்கள். நான் எதையும் இழுக்கவில்லை, அரசாங்கக் கணக்கே இருக்கிறது. 2019இல் நடந்த தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டாருக்காகச் சம்பளமில்லாத வீட்டுவேலை செய்யும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் அதற்குச் செலவிடுகிறார்கள். அதே வேலையைச் செய்கிற ஆண்களுக்கு 97 நிமிடம். 2024இல் மறுபடி எடுத்தார்கள். பெண்களுக்கு 289, ஆண்களுக்கு 88. ஐந்து வருடத்தில் எங்களுக்குப் பத்து நிமிடம் மிச்சமாகியிருக்கிறது, ஆண்களுக்கும் ஒன்பது நிமிடம் குறைந்திருக்கிறது. நாள் முழுவதும் தன் கையில் இல்லாதவள், தூக்கத்திலிருந்து கொஞ்சம் வெட்டி எடுத்துத்தான் தனக்கென்று வைத்துக்கொள்கிறாள். அவளுக்குத் தூக்கம் முக்கியம் என்று நினைத்தால் அந்த 289 நிமிடத்தைக் குறைக்க வழி சொல்லுங்கள். முறுக்கு டப்பாவில் கை வைக்காதீர்கள்.

இரவு பதினொரு மணி வரை கிரிக்கெட் பார்த்துக்கொண்டு ஆண்கள் பஜ்ஜி சாப்பிடுவார்கள். அதைச் சுடுவதும் நாங்கள்தான். அந்த மண்டபத்தில் ஆண்கள் பாதிப் பேர் இருந்தார்கள். அவர்களில் ஒருவரைக்கூடக் கை தூக்கச் சொல்லவில்லை. அது நகைச்சுவை, அதை ஏன் பெரிதாக்குகிறீர்கள் என்று என் நாத்தனார் நேற்றுத் தொலைபேசியில் கேட்டார். அண்ணி மனது நோகக்கூடாது என்றுதான் சொன்னார், எனக்குத் தெரியும். ஆனால் சிரிப்பு வருவதற்கு ஒவ்வொரு முறையும் நாங்கள்தான் கிடைக்கிறோம். எங்கள் தீனி, எங்கள் தொடர்கதை, எங்கள் சீரியல், எங்கள் அரட்டை. அந்த எழுபது வயது அம்மா அன்றைக்குச் சாப்பிடாமலே எழுந்து போனார். அவருக்கு அது நகைச்சுவையாக இருந்திருக்காது.

அவர் யாரென்று எனக்குத் தெரியாது. இதை யாராவது அவருக்குப் படித்துக் காட்டினால் நல்லது. அம்மா, உங்கள் கிண்ணத்தில் என்ன இருந்தாலும் விளக்கைப் போட்டுக்கொண்டே சாப்பிடுங்கள். மருமகள் எதிரே வந்தால் அவளுக்கும் கொஞ்சம் கொடுங்கள்.

கடைசியாக ஓர் உதவி. அம்மா தைத்து வைத்த தொடர்கதைகளில் ஒன்றுக்கு முன் அட்டையும் தலைப்பும் இல்லை, முடிவும் இல்லை. கதாநாயகி கொடைக்கானலில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். அவள் அண்ணன் தேயிலைத் தோட்டத்து வேலையை விட்டுவிட்டு ரயிலேறும் இடத்தில் பக்கம் அறுந்து நிற்கிறது. எண்பதுகளின் தொடக்கத்தில் வந்ததாக இருக்கலாம். உங்கள் வீட்டுப் பரணில் இப்படிப் பைண்டு செய்த கட்டு ஏதாவது கிடந்தால் புரட்டிப் பாருங்கள். கிடைத்தால் மீதிப் பக்கங்களைப் படம் எடுத்து அனுப்புங்கள், காகிதத்தில் அச்செடுத்துப் படித்துக்கொள்கிறேன்.