குடும்ப அரட்டைக்குச் சொந்த சர்வர் வேண்டாம் என்பது என் கட்சி

"வாட்ஸ்அப்பை விட்டு வாங்க, நானே சர்வர் போட்டுத் தரேன்" என்று நம்ம ஐடி நண்பர்கள் சிலர் கிளம்பியிருக்கிறார்கள். சிங்கப்பூர் வீவக வீட்டில் சாமி அலமாரிக்குக் கீழே ராஸ்பெரி பை என்ற குட்டிக் கணினி, அதில் யாரும் சொந்தமாகச் சர்வர் நடத்தக்கூடிய மேட்ரிக்ஸ் என்ற அரட்டை அமைப்பு, அதற்குள் மொத்தக் குடும்பமும்.

ஆசை புரிகிறது. சிங்கப்பூர் அரசின் டிரேஸ்டுகெதர் செயலியை யாரும் மறந்திருக்க மாட்டோம். கொவிட் தொடர்புகளைக் கண்டுபிடிக்க மட்டும்தான் என்று 2020இல் சொன்னார்கள். போலீசும் கேட்டு வாங்கலாம் என்பது 2021 ஜனவரியில் நாடாளுமன்றத்தில்தான் தெரிந்தது. பிறகு 7 வகைக் கடுங்குற்றங்களுக்கு மட்டும் என்று சட்டத்தில் வரம்பு கட்டினார்கள். எனக்கு அதில் உறைத்தது ஒன்றுதான்: சேர்த்து வைத்ததை யாராவது ஒருநாள் கேட்பார்கள். அதனால் சர்வர் யாருடையது என்பதைவிட அதில் என்ன சேர்கிறது என்றுதான் முதலில் பார்ப்பேன்.

சிக்னல் என்ற அரட்டைச் செயலி முழுக்க மையச் சர்வர்தான், அதாவது எல்லாரும் அந்த அமைப்பு நடத்தும் சர்வரைத்தான் நம்ப வேண்டும். 2016இல் அமெரிக்காவில் அழைப்பாணை வந்தபோது அவர்களிடம் கொடுக்க இருந்தது இரண்டே விவரம்: கணக்கு என்று தொடங்கியது, கடைசியாக என்று இணைந்தது.

மேட்ரிக்ஸில் செய்தி பூட்டித்தான் இருக்கும். ஆனால் எந்த அறையில் யார் யார், யார் எத்தனை மணிக்கு எழுதினார், எதற்கு இதயம் போட்டார் எல்லாம் சர்வருக்குத் தெரியும். வேறு சர்வர்காரர் ஒருவர் அறைக்குள் வந்தால் அந்த விவரம் அவர் சர்வருக்கும் போகும். குடும்ப சர்வர் என்றால், அண்ணி நடுராத்திரி யாரோடு பேசுகிறார் என்பது அதைப் பார்த்துக்கொள்ளும் கொழுந்தனுக்குத் தெரியும். கலிபோர்னியாவில் இருக்கும் முகம் தெரியாத இன்ஜினியரைவிட எனக்குக் கொழுந்தன்தான் பயம்!

பராமரிப்பு இன்னொரு தலைவலி. மேட்ரிக்ஸைக் கட்டியவர்களே நடத்தும் சர்வருக்குள் 2019 ஏப்ரலில் ஒருவர் புகுந்தார், புதுப்பிக்காமல் விட்ட ஜென்கின்ஸ் என்ற மென்பொருள் வழியாக. முழுநேரம் அதே வேலையாக இருப்பவர்களுக்கே இந்தக் கதி. தீபாவளிக்கு ஊருக்குப் போயிருக்கும்போது உங்கள் டிஸ்க் நிரம்பினால் யார் பார்ப்பது?

மையச் சர்வரும் படுக்கும், மறுக்கவில்லை. 2021 அக்டோபரில் வாட்ஸ்அப் இங்கே நள்ளிரவுக்குச் சற்று முன் விழுந்து விடியற்காலையில்தான் எழுந்தது. 2025 அக்டோபரில் அமேசான் கிளவுட் தடுமாறியபோது சிக்னலும் சேர்ந்து தடுமாறியது. என்னை அதைவிட உறுத்துவது ஃபோன் நம்பர். வேலை பெர்மிட் முடிந்து ஊருக்குப் போகும் தம்பிகளின் சிங்கப்பூர் நம்பர் பிறகு வேறு யாருக்கோ போகும். சிக்னல் 2024இல் பயனர்பெயர் கொண்டுவந்தும், கணக்குத் திறக்க நம்பர் கேட்பதை விடவில்லை. இந்த விஷயத்தில் நம்பர் இல்லாமலே கணக்குத் திறக்கவிடும் மேட்ரிக்ஸ்தான் உசத்தி, ஒப்புக்கொள்கிறேன்.

பிரான்ஸ் அரசு ஊழியர்களும் ஜெர்மன் ராணுவமும் மேட்ரிக்ஸ் மேல் கட்டிய செயலிகளைத்தான் பயன்படுத்துகிறார்கள். அங்கே சம்பளத்துக்கு ஆள் இருக்கிறது. அப்படி ஆள் வைக்க முடிகிற சங்கமோ வழக்கறிஞர் அலுவலகமோ இங்கே இருந்தால் தாராளமாகச் சொந்த சர்வர் போடட்டும். வீட்டுக்கு சிக்னல் போதும், செய்திகள் தானாக அழியும் வசதியையும் போட்டுவிடுங்கள்.

ராஸ்பெரி பை ஏற்கெனவே வாங்கியாச்சா? வீட்டு இணையம் முழுக்க விளம்பரம் தடுக்க பை-ஹோல் என்ற மென்பொருளைப் போடுங்க. அது படுத்தால் வீட்டில் இணையமே ஓடாது, அதனால் நீங்கள் கண்காணிக்கவே வேண்டாம், வீட்டில் எல்லாரும் ஓடி வந்து சொல்வார்கள்.