அவசரப்பட்டுட்டீங்களே அண்ணா

வெள்ளிக்கிழமை நான் போட்ட படத்துக்குக் கீழே நடந்ததைப் பெரும்பாலானவர்கள் பார்த்திருப்பீர்கள். கம்ப்யூட்டரில் படக் கணக்கெல்லாம் போடுகிற கிராஃபிக்ஸ் கார்டு ஒன்று புதிதாக வாங்கியிருந்தேன். அதன் பெட்டி, பக்கத்தில் என் பழைய கார்டு, "ஒருவழியாக மாற்றிவிட்டேன்" என்று ஒரு வரி. முதல் பதிலே "அவசரப்பட்டுட்டீங்களே அண்ணா". அதற்குக் கீழே வரிசையாகச் சிரிப்புக் குறிகள். "பொறுத்தார் பூமி ஆள்வார்" என்று ஒருவர். "அடுத்தது வரப்போகுது, இப்பப் போய் யாராவது வாங்குவாங்களா?" என்று இன்னொருவர். மூன்று நாள் பேசாமல்தான் இருந்தேன். முடியவில்லை, எழுதிவிடுகிறேன்.

என் பழைய கார்டு என்விடியா கம்பெனியின் ஜிடிஎக்ஸ் 1060, ஆறு ஜிபி மெமரி. 2017 தீபாவளிக்கு முந்தின வாரம் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் எலக்ட்ரானிக்ஸ் கடை ஒன்றில் வாங்கியது. எட்டு வருஷத்துக்கு மேல் அதில்தான் கல்யாண வீடியோ எடிட் செய்து குடும்பம் நடத்தினேன். கடைசி இரண்டு வருஷம் அதன் ஒரு ஃபேன் சுற்றும்போது கிர்ர்ரென்று சத்தம் போடும். அக்னி நட்சத்திரத்தில் கேபினெட்டின் பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு, டேபிள் ஃபேனை அதற்கு நேராகத் திருப்பி வைத்து ரெண்டர் போடுவேன், அதாவது எடிட் செய்ததைக் கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு முழுப் படமாக்கும் வேலை. எங்களுக்கு வேர்க்கும், கார்டுக்குக் காற்று போகும். இப்படி எட்டு வருஷம் ஓட்டினவனைப் பார்த்துத்தான் அவசரம் என்கிறீர்கள்.

நான் எப்படியெல்லாம் காத்திருந்தேன் என்று சொல்கிறேன், கேளுங்கள்.

2021 பிப்ரவரியில் அதே கம்பெனியின் 3060 கார்டு வந்தது. பன்னிரண்டு ஜிபி மெமரி, 329 டாலர் என்று அறிவித்தார்கள். கடையில் போய்க் கேட்டால் அதற்கு இரண்டு மடங்குக்கு மேல். கிரிப்டோ மைனிங், அதாவது கார்டுகளை ஓடவிட்டு டிஜிட்டல் காசு சம்பாதிக்கிற வேலை, செய்கிறவர்கள் அள்ளிக்கொண்டு போன காலம். "பொறுங்க, மைனிங் அடங்கட்டும்" என்றீர்கள். பொறுத்தேன். 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற டிஜிட்டல் காசு தன் முறையை மாற்றியது, கார்டு வைத்து அதை மைனிங் செய்கிற வேலையே முடிந்துபோனது. விலை இறங்கத் தொடங்கியதும் வாங்கப் போனேன். "இப்பப் போய் பழசை வாங்காதீங்க, 40 சீரிஸ் வருது" என்றீர்கள். பொறுத்தேன். 2023 ஜூனில் 4060 வந்தது. மெமரி எட்டு ஜிபி! முந்தின தலைமுறையில் பன்னிரண்டு கொடுத்துவிட்டு இதில் எட்டு. "இது வேஸ்ட், 50 சீரிஸ் பாருங்க" என்றீர்கள். அதற்கும் பொறுத்தேன். 2025 ஏப்ரலில் 5060 டிஐ வந்தது, பதினாறு ஜிபி மாடலும் இருந்தது. எனக்கு வேண்டியது அதுதான். அப்போதும் "சூப்பர் மாடல் வரும், இதே காசுக்கு இன்னும் நல்லதா கிடைக்கும்" என்றீர்கள்.

அந்த வருஷக் கடைசியில் என்ன ஆனது? ஏஐ டேட்டா சென்டர்களுக்காக மெமரி சிப்பையெல்லாம் அந்தப் பக்கம் திருப்பிவிட்டார்கள். ரேம் விலை ஏறியது. நம்மைப் போல வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு ரேமும் எஸ்எஸ்டியும் விற்கிற க்ரூசியல் பிராண்டையே மூடப்போவதாக மெமரி சிப் கம்பெனியான மைக்ரான் டிசம்பரில் அறிவித்தது. ரேம் ஏறினால் கார்டு சும்மா இருக்குமா? அதன் மேலேயும் மெமரிதானே ஒட்டியிருக்கிறது. அதற்கு முன்பே அக்டோபரோடு என் 1060க்கு, கார்டை இயக்குகிற டிரைவர் மென்பொருளில் புது கேம்களுக்கானது வருவதும் நின்றுவிட்டது, இனி 2028 வரை பாதுகாப்புக்கான அப்டேட் மட்டும்தான். இதற்கு மேலும் நான் எதற்குக் காத்திருக்க வேண்டும்?

அந்தப் பதினாறு ஜிபி 5060 டிஐயையே வாங்கிவிட்டேன். 18 சதவீத ஜிஎஸ்டியோடு ஐம்பதாயிரத்தைத் தாண்டியது. 2017இல் போட்ட எஸ்எம்பிஎஸ் என்ற பவர் சப்ளையையும் மாற்ற வேண்டியிருந்தது. கடன் இல்லை, இஎம்ஐ இல்லை, கை கூசாமல் கொடுத்த காசு.

"செகண்ட் ஹேண்ட் 3060 எடுத்திருக்கலாமே" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் 2022 கடைசியில் ஒரு கடையில் அப்படி ஒன்று எடுத்தேன். துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தார்கள். ஏழாவது வாரம் திரை முழுக்கக் கட்டம் கட்டமாகப் பச்சைப் புள்ளிகள். திருப்பிக் கொண்டுபோனால், வாங்கும்போது "நம்ம கடை சார்" என்றவர் என் முகத்தையே பார்க்கவில்லை. மறுபடி 1060ஐயே மாட்டினேன். செகண்ட் ஹேண்ட் எல்லாமே மோசம் என்று சொல்ல மாட்டேன், எனக்கு ஒரு தடவை போதும்.

"உங்க போர்டு பழசு, பிசிஐஇ 3தான், இந்தக் கார்டு எட்டு லேன்லதான் ஓடும்" என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். கார்டும் போர்டும் பேசிக்கொள்கிற பாதை பழசு, குறுகல் என்கிறார். சரியான தகவல், மரியாதையாகவும் சொல்லியிருந்தார். எட்டு ஜிபி கார்டில் மெமரி நிரம்பி வழியும்போதுதான் அந்தக் குறுகின பாதை பெரிதாக வலிக்கும். என் வேலையில் காட்சி ஒருமுறை கார்டுக்குள் ஏறிவிட்டால் கணக்கெல்லாம் உள்ளேயே நடந்துவிடும். பதினாறு ஜிபி எடுத்ததே அதற்குத்தான். கிளவுடில், அதாவது இணையம் வழியாக வெளிக் கம்ப்யூட்டரில், ரெண்டர் போடலாமே என்பவர்கள், ஒரு கல்யாணத்தின் முழு ஃபுட்டேஜையும் என் வீட்டு இணையத்தில் ஏற்றிப் பார்த்துவிட்டு வாருங்கள்.

காத்திருக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. வாலரன்ட் மாதிரி லேசான கேம் மட்டும் ஆடுகிற பையன் இருக்கிற கார்டிலேயே இன்னும் இரண்டு வருஷம் ஓட்டலாம். கடன் வாங்கி கார்டு வாங்காதீர்கள். ஆனால் வேலை இருக்கிறது, காசும் இருக்கிறது, கார்டுதான் தடுக்கிறது என்ற நிலையில் இருப்பவனிடம் "பொறு" என்று சொல்லாதீர்கள். உங்களுக்கு அது ஒரு வார்த்தை. அந்த ஆறு மாதமும் ராத்திரி கண்விழித்துப் புராகிரஸ் பாரையே பார்த்துக்கொண்டிருக்கப் போகிறவன் அவன்.

இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். எழுதுகிறேன்.

2020 ஊரடங்கில் என் மகள் பிளெண்டர் என்ற 3டி மென்பொருளைக் கற்றுக்கொள்ளத் தொடங்கினாள். அப்போது ஒன்பதாம் வகுப்பு முடித்திருந்தாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, வீடியோ பார்த்து அவளாகவே. ஒரு வருஷத்தில் மயிலாப்பூர் கபாலீஸ்வரர் கோயில் கோபுரத்தை அதில் கட்ட ஆரம்பித்துவிட்டாள். ஏழு நிலை. மாட வீதியில் நின்று போனில் படம் எடுத்து வருவாள், வீட்டில் ஒவ்வொரு சுதைச் சிற்பமாகச் செய்து வைப்பாள். மூன்றாவது நிலை தாண்டியதும் மெமரி போதவில்லை என்று ரெண்டர் நின்றுவிடும். ஆறு ஜிபிதானே. உட்கார்ந்து, செய்த சிற்பங்களில் எதை எடுத்துவிடலாம் என்று பார்ப்பாள். பின்பக்கம் இருப்பது, கேமராவுக்குத் தெரியாதது, அப்புறம் தெரிகிறதிலும் சின்னது. ஒவ்வொன்றாக டெலீட் செய்வதை நான் பின்னால் நின்று பார்த்திருக்கிறேன்.

பத்து விநாடி கேமரா சுற்று ஒன்று வேண்டும் என்றாள். 240 ஃபிரேம். ஒரு ஃபிரேமுக்குப் பதினோரு நிமிஷம். 44 மணி நேரம் என் வேலையை நிறுத்திவிட்டு அவளுக்குக் கொடுத்தேன். இரண்டாம் நாள் ராத்திரி கரண்ட் போனது. அதை நேராக வீடியோவாக எடுத்துக்கொண்டிருந்தாள், ஃபிரேம் ஃபிரேமாகச் சேமிக்கவில்லை. எல்லாம் போயிற்று. அவள் அழவில்லை. "புதுக் கார்டு எப்பப்பா?" என்று மட்டும் கேட்டாள். "கொஞ்சம் பொறும்மா, விலை இறங்கும்" என்றேன். நீங்கள் என்னிடம் சொன்னதைத்தான் அவளிடம் சொன்னேன்.

இரண்டு வருஷம் அதையே சொன்னேன். பன்னிரண்டாம் வகுப்பு வந்தது, பரீட்சை வந்தது. விஷுவல் கம்யூனிகேஷன் என்கிற விஸ்காம் சேரலாமா என்று ஒரு கல்லூரியில் கேட்டபோது, முடித்த வேலை ஏதாவது காட்டச் சொன்னார்கள். அவளிடம் முடித்தது எதுவும் இல்லை. பி.காம் சேர்ந்தாள், இப்போது மூன்றாம் வருஷம், நன்றாகவே படிக்கிறாள். கார்டு இருந்திருந்தால் எல்லாம் வேறு மாதிரி ஆகியிருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. அந்த வயதில் ஆசைகள் மாறும், எனக்கும் தெரியும். ஆனால் அந்த இரண்டு வருஷத்தில் நான் மிச்சம் பிடித்தது எவ்வளவு? 2021இல் அந்த அநியாய விலைக்கே வாங்கியிருந்தாலும், போன வாரம் கொடுத்ததை விடப் பத்துப் பதினைந்தாயிரம் கூடுதலாக ஆகியிருக்கும். அதற்காகவா?

ஐம்பதாயிரத்துக்குக் கார்டா, அந்தக் காசில் எத்தனை பேருக்குச் சாப்பாடு போடலாம் என்று ஒருவர் எழுதியிருந்தார். என் கல்யாண ஆர்டர்கள் அத்தனையும் இந்தப் பெட்டிக்குள்தான் தயாராகின்றன. தச்சர் ரம்பம் வாங்கினால் அவரிடம் போய் இதைக் கேட்பீர்களா? எனக்குக் கோபம் வந்தது அதற்குத்தான். சிரிப்புக் குறிகளைக்கூட மறந்துவிடுவேன்.

கார்டை மாட்டின அன்று ராத்திரி, பழைய டிரைவில் அவளுடைய கோபுர ஃபைலைத் தேடி எடுத்துத் திறந்தேன். முதல் நிலையிலிருந்து உச்சிக் கலசம் வரை எல்லாம் ராணி கலரில் நின்றது. மேலே ஒட்டின படங்கள் இருக்க வேண்டிய இடத்தில் இல்லையென்றால் பிளெண்டர் அப்படித்தான் காட்டும். சுற்றிப் பார்த்தேன், ஃபேன் சத்தமே இல்லை, அவ்வளவு லேசாகச் சுற்றியது. அவளைக் கூப்பிட்டேன். கையில் போனோடு வந்து கதவருகே நின்று பார்த்தாள்.

"படமெல்லாம் எந்த ஹார்ட் டிஸ்க்ல வெச்சேம்மா?" என்றேன்.

"தெரியலப்பா" என்றாள். கொஞ்ச நேரம் நின்றாள். அப்புறம், "நாலாவது நிலையில அந்த ஓரத்துல ஒரு யாளி இருந்துச்சு, அதை நான் டெலீட் பண்ணிட்டேன்ல?" என்று கேட்டாள்.